கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் முதலில் கையைக் கட்டுங்கள்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் நான்கறை வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் வகுப்பறை. இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் புளோக்கில் யார் வீட்டுக் கணினி நின்றாலும் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். 2019 ஆகஸ்டில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால் வந்த பெயர் இது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. 2014இல் வாங்கிய டவர் கணினி, உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். சில வாரங்களாகவே வேர்டைத் திறந்தால் இருபது விநாடி விழித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். வைரஸ் என்று நினைத்தேன். எல்லாரும் முதலில் வைரஸைத்தான் நினைக்கிறோம். ஒருநாள் இரவு முழுதாக நின்றது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன், திரும்பப் போட்டேன். ஒரு வீடியோவில் சொன்னபடி, டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை, அதோடு ஸ்லாஷ் ஆர் சேர்த்து ஓடவிட்டுப் படுக்கப் போனேன். விடியவிடிய ஓடியிருக்கிறது. காலையில் இரண்டு வருடக் கருத்தறிதல் தாள்கள் இருந்த ஃபோல்டர் இல்லை. அதற்குப் பதிலாக 'ஃபவுண்ட்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே எண் போட்ட துண்டுகள். எது எந்தத் தாள் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

செக்டிஸ்க் செய்ததில் தவறே இல்லை. அது வருகைப்பதிவேட்டைச் சரிபார்க்கும் வகுப்புத் தலைவன் மாதிரி. பெயர் இருக்கிறது, பையன் இருக்கையில் இல்லை என்றால் பெயரை அடித்துவிடும். பையனைத் தேடிப் போவது அதன் வேலை இல்லை. பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானோ சாகக் கிடந்த டிஸ்கை அந்தக் கட்டளையால் ராத்திரி முழுவதும் மூலைமூலையாகப் படிக்கவைத்து, மிச்சமிருந்த உயிரையும் எடுத்தேன்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். நோய் என்ன என்று அப்புறம் பார்க்கலாம்.

நின்றுபோன அந்த ஐந்து நிமிடம்

பதறிப்போய் மவுஸைத் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் வரிசையில் சேர்ந்துகொள்ளும். கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். சேமிக்காத பத்தி கண்முன்னே இருக்கிறது என்றால் அந்தப் படம்தான் உங்கள் முதல் பேக்கப். பக்கத்தில் ஏதாவது பிழைச் செய்தி இருந்தால் அதையும் சேர்த்துப் பிடியுங்கள், பின்னால் உதவும்.

இப்போது கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் உள்ளே உயிர் இருக்கிறது. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது, பெரும்பாலும் டிஸ்குக்காக. ஒரு கோப்பி ஓ குடித்து முடிக்கும் நேரம் விட்டுப் பாருங்கள். பல சமயம் தானே விடுபடும். விடுபட்ட நொடியில் உங்கள் வேலையை வெளி டிரைவிலோ பென்டிரைவிலோ 'சேவ் ஆஸ்' செய்யுங்கள். அதே டிஸ்கில் வேண்டாம்.

திரை மட்டும் கறுத்துப்போனாலோ, படம் உறைந்து பின்னால் பாட்டு மட்டும் ஓடினாலோ, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டும். திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருள் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்கள் மூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தொடக்கநிலை 5 மாணவன் ஒருவன். கேம் விளையாடுகிறவர்களுக்குத் தெரியாத குறுக்குவழி கிடையாது.

ஒரு மென்பொருள் மட்டும் நின்றிருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதை மட்டும் மூடுங்கள். மூடுவதற்கு முன் டிஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 100 விழுக்காடு என்று காட்டி, விநாடிக்குப் பல மெகாபைட் ஓடிக்கொண்டிருந்தால் கவலை குறைவு. அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ நடக்கிறது. 100 விழுக்காடு காட்டிக்கொண்டே ஓடும் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சராசரிப் பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடி என்று இருந்தால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது என்று அர்த்தம். என் கணினி அந்த 2019இல் வாரக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை, ஒலி 'ட்ர்ர்ர்' என்று ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். அணைத்தபின் உடனே திரும்பப் போடாமல், கடைசியாக என்ன சத்தம் கேட்டது என்று யோசியுங்கள். டிக், டிக், டிக் என்று கடிகாரம்போல் சீரான சத்தம் ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்திருந்தால், அதற்கு இனி மின்சாரமே கொடுக்காதீர்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம், சுற்றச் சுற்றத் தட்டைக் கீறும். அது தூசி புகாத அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்தின் வேலை, நம் வேலை இல்லை. செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளே இருப்பது அந்தப் பணத்துக்குப் பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிஸ்கை ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃபிரீசரிலிருந்து எடுத்த எதுவும் ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடும். கடையிலிருந்து வாங்கி வந்த உறைந்த மீனைப் பார்த்திருப்பீர்களே.

டேட்டாவை வெளியே எடுப்பது

கணினி திரும்ப எழுந்துகொண்டால், இது கடைசி முறை என்று நினைத்து வேலை செய்யுங்கள். 'இந்த டிஸ்கைச் சரிபார்க்கட்டுமா' என்று விண்டோஸ் தானே கேட்டால், சில விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தித் தவிர்க்கலாம். தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே வந்ததும் முழு டிரைவையும் தேர்ந்து இழுத்துப் போடாதீர்கள். எது உலகத்தில் வேறெங்கும் இல்லையோ அது முதலில். எனக்குத் தாள்கள், உங்களுக்குக் குழந்தையின் படங்கள், இன்னொருவருக்கு வருமான வரிக் கணக்கு. பாட்டும் படமும் கடைசியில், விண்டோஸ் வேண்டவே வேண்டாம். இழுத்துப் போடும்போது ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் 'ஸ்கிப்' கொடுத்து முன்னே போங்கள். பெரிய ஃபோல்டர் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை நல்லது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. படிக்க முடியாத ஃபைல் ஒன்று வந்தால், நாம் வேறு சொல்லாதவரை 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். அதனால் ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 என்று இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை முயன்று, ஒரு விநாடி பார்த்து, நகர்ந்துவிடும்.

எழுந்துகொள்ளாவிட்டால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்ட வேண்டும். யூஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினியின் சிறிய இரண்டரை அங்குல டிஸ்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். டவரில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் வேண்டும், சுவரில் செருகும் பிளக் இல்லாத அடாப்டர் உதவாது. நான் இதைத் தெரியாமல், கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்கு இரண்டு முறை அலைந்தேன்.

மாட்டியதும் விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா?' வேண்டாம். 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' கண்டிப்பாக வேண்டாம். பலரும் டேட்டாவை இழப்பது டிஸ்க் கெட்டுப்போனதால் அல்ல, இந்தப் பெட்டியில் அவசரமாக 'ஓகே' அழுத்தியதால்தான்.

இன்னொரு தடங்கல் பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்திலேயே சேமித்திருக்கும். இன்றே உள்ளே போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் அலமாரியில் வையுங்கள்.

சிக்கிச் சிக்கிப் படிக்கும் டிஸ்குக்கு நான் நம்புவது டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள். இலவசம், விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் லினக்ஸில் ஓடுவது. ஒரு பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். இது ஃபைல் ஃபைலாகப் பார்க்காது. முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுக்கும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மோசமான பகுதிகளைத் தாண்டிப் போய், கடைசியில் நேரம் இருந்தால் திரும்பி வந்து சுரண்டும். எங்கே விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும், அதனால் நடுவில் நிறுத்தி டிஸ்கை ஆறவிட்டுத் தொடரலாம். மேப் ஃபைல் பெயரைக் கொடுக்க மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எழுதப்படும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதை மாடல் எண், கொள்ளளவு இரண்டையும் பார்த்து மூன்று முறை சரிபாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்கை உங்கள் டேட்டாமேல் எழுதிவிடும். நான் எழுதப்படும் டிஸ்கின்மேல் ஒரு பொட்டு ஒட்டிவிடுவேன். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

பிரதி எடுத்தபின் எந்தப் பழுதுபார்ப்பும் பிரதியில்தான். செக்டிஸ்க் ஓட்ட ஆசையாக இருந்தால் அங்கே ஓட்டுங்கள்.

இல்லாமல் போனதுபோல் இருப்பவை

எதிர் வீட்டு அக்கா 2023இல் ஒரு மாலை வந்து கதவைத் தட்டினார். அவர் கணவர் தவறி இரண்டு வருடம். மனிதர் ஓய்வுபெற்றபின் கதை எழுதிக்கொண்டிருந்தவர், எல்லாம் ஒரு பழைய கணினியில். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹேங் ஆகிறது, கடைக்குக் கொண்டுபோனதில் "ஃபார்மட் பண்ணினால் புதுசு மாதிரி ஓடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. பண்ணாமல் திரும்பக் கொண்டுவந்தாரே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

டிஸ்கைக் கழற்றி டிடிரெஸ்க்யூவில் போட்டேன். 500 ஜிகாபைட், இரண்டு இரவு. சில மெகாபைட் தவிர எல்லாம் வந்துவிட்டது. பிரதியைத் திறந்து கதை ஃபோல்டரில் ஒரு ஃபைலைச் சொடுக்கினால் திரை முழுக்கக் கிறுக்கல். மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள், பின்னங்கள், பணக் குறிகள். அக்கா பார்த்துவிட்டு, "எல்லாம் போயிடுச்சா டீச்சர்?" என்றார்.

போகவில்லை. அந்தக் கிறுக்கலில் ஒரு வடிவம் அடிக்கடி வந்தது. முக்கால் என்ற பின்னக் குறி, கோடு போட்ட ஒரு பெரிய எழுத்து, அதை ஒட்டிச் சென்ட் குறி, கோடு போட்ட ஒரு சின்ன எழுத்து. அதுதான் 'தமிழ்' என்ற சொல், டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஆங்கிலக் குறிகள் இருந்த இடங்களில் தமிழ் எழுத்தை உட்காரவைத்துத்தான் எழுதினார்கள். சிங்கப்பூரில் 1990களில் எழுதியவர்கள் வீட்டில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் இருக்கலாம், மலேசியாவிலிருந்து வந்த முரசு அஞ்சல் இருக்கலாம், தமிழ்நாட்டு எழுத்துருக்கள் இருக்கலாம். டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கமும் பல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். ஃபைல் கெடவில்லை, கண்ணாடி மட்டும் இல்லை.

இந்தச் சமயத்தில் செய்ய வேண்டியவை சிலவே. மூல ஃபைலைத் திறந்து 'சேவ்' கொடுக்காதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் அவர் பயன்படுத்திய எழுத்துருவே கிடைக்கும், எடுத்து நிறுவினால் ஃபைல் அப்படியே தெரியும். நிரந்தரத் தீர்வுக்கு யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் பல குறியாக்கங்களைத் தெரிந்துவைத்திருக்கின்றன. எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் ஒரே வரியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், சரியானதில் மட்டும் வாக்கியம் வாக்கியமாக வரும். அக்கா வீட்டுக் கதைகளில் இரண்டு குறியாக்கம் கலந்திருந்தது. மனிதர் நடுவில் மென்பொருள் மாற்றியிருக்கிறார். முதல் பக்கம் சரியாக வந்ததும் அக்கா பேசவில்லை. உள்ளே போய் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

குறியாக்கத்தைத் தவிரவும் 'காணோம்' என்று வருகிறவர்களில் பாதிப்பேருடையது காணாமல் போவதில்லை. டெஸ்க்டாப் வெறிச்சென்று இருந்தால் விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் உங்களை உட்காரவைத்திருக்கலாம். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் பாருங்கள். அல்லது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் வீட்டுக்குள் இழுத்துப் போயிருக்கலாம். சேமிக்காமல் போன வேர்ட் ஃபைலுக்கு, வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் சேமிக்காதவற்றை மீட்கும் வழி இருக்கிறது. வேர்ட் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஆப்ஷன்ஸில் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

உண்மையாகவே அழித்துவிட்டீர்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டீர்கள் என்றால், அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் எழுதக்கூடாது. மீட்கும் மென்பொருளைக்கூட வேறு டிரைவில்தான் போட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. அழிப்பது என்றால் அங்கே பெயரை மட்டும் எடுப்பதுதான், வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். சுழலும் தட்டே இல்லாத புதுவகை எஸ்எஸ்டி அப்படி இல்லை. ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைப் பின்னணியில் உண்மையாகவே துடைத்துவிடுகிறது, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே. எஸ்எஸ்டி வாங்கியவர்கள் வேகத்தைப் பற்றி மகிழ்ந்துபோய் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெயரே தெரியாத ஃபைல்களையும் உள்ளடக்கத்தை வைத்துத் தோண்டி எடுக்கும். ஆனால் பழைய பெயர்கள் திரும்பாது, எண்கள்தான். என் கருத்தறிதல் தாள்களில் முக்கால்வாசியை அப்படித்தான் மீட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்க டிசம்பர் விடுமுறை முழுதும் போனது.

இப்போது நோயைப் பார்க்கலாம்

டேட்டா பத்திரம் என்றானபின் கணினியை எவ்வளவு வேண்டுமானாலும் நோண்டலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றி ஒதுக்கிய இடங்கள். சி5 படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். சி6 கைவிட்ட இடங்கள். இந்த மூன்றில் எது பூஜ்யத்தைவிட்டு ஏறத் தொடங்கினாலும் நான் அந்த டிஸ்கை நம்புவதில்லை. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும் என்பது இன்னொரு பொறி. என் டிஸ்கில் சி5 வரியில் 28 இருந்தது. 28 அல்ல, இரண்டு பதினாறும் எட்டும் சேர்ந்து 40.

நான்காவது சி7. இது தட்டைப் பற்றியதல்ல, கேபிளைப் பற்றியது. இது ஏறிக்கொண்டே போனால் முதலில் டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள், சில வெள்ளிதான். ஒரு தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது மேசையை இழுத்து நகர்த்தியிருக்கிறோம், கேபிள் பாதி கழன்று, இரண்டு வாரம் கணினி விக்கி விக்கி ஓடியது. புது டிஸ்க் வாங்க இருந்தேன். பழைய எண் குறையாது, மாற்றியபின் மேலே ஏறுகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

டிஸ்க் நலம் என்றால், உபுண்டு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி ஒரு மணிநேரம் ஏதாவது வீடியோ ஓடவிடுங்கள். அங்கேயும் ஹேங் ஆனால் பழுது வன்பொருளில் இருக்கிறது: ரேம் என்ற தற்காலிக நினைவகம், சூடு, பவர் சப்ளை. அங்கே நன்றாக ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால் டிரைவரையோ கூடவே தொடங்கும் மென்பொருளையோ சந்தேகியுங்கள். இந்த ஒரு சோதனை எனக்குப் பல நாள் தலைவலியை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். இரவில் ஓடவிட்டு, காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் கெட்டது, 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். கெட்ட ரேம் ஹேங் மட்டும் செய்யாது, அதன் வழியாக நகலெடுக்கும் ஃபைலையும் சத்தமில்லாமல் கெடுக்கும். ரேம்மீது சந்தேகம் இருந்தால் டேட்டாவை அந்தக் கணினியில் நகலெடுக்காமல் டிஸ்கை வேறு இடத்துக்கு எடுத்துப்போவது நல்லது. புதிது வாங்குமுன் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, திரும்பச் செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் தூசி. நாங்கள் நான்காம் மாடி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே படையலாகக் காகிதம் எரிக்கும்போது சாம்பல் ஜன்னல் வழியாக வரும். அதோடு எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, சமையலறை எண்ணெய்ப் புகை. மூன்றும் சேர்ந்து விசிறியில் கம்பளிபோல் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா ஊதினால் போகாது. சுவர் பிளக்கை எடுத்து, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் விசிறி கண்டபடி சுற்றிப் பேரிங் போகும். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கை எடுத்தபின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். எங்கள் டவருக்குள் ஒருமுறை இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. சூடான இடம், அதுவும் வாடகை இல்லாமல். பின்பக்கத்தில் மூடி இல்லாத துளை இருந்தால் அடைத்துவிடுங்கள்.

சூடுதான் காரணமா என்று அறிய எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். ஏர்கான் இல்லாத அறையில் சும்மா இருக்கும்போது 45, 50 பாகை இருந்தால் இயல்பு. வேலை கொடுத்ததும் 95ஐத் தாண்டினால் பிராசசர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், இன்னும் ஏறினால் பட்டென்று அணையும். பெரும்பாலும் சூடு மெதுவாக்கும் அல்லது அணைக்கும், உறையவைப்பது குறைவு.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்ற ஓடுகிறவர்கள் உண்டு. அதன் பொருள் 'போனமுறை நான் முறையாக அணைக்கப்படவில்லை' என்பதுதான். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தது நீங்கள்தானே! அதற்குச் சற்று முன் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்ப டிஸ்க் பக்கமே போங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பதுதான் முழுதாகப் புதிதாகத் தொடங்குவது. முழுதாக அணையாமல் விரைவாக எழ உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் தினமும் அணைத்துப் போட்டாலும் டாஸ்க் மேனேஜரில் பல நாளாக ஓடுவதாகக் காட்டும்.

என் ஏற்பாடு

இரண்டு வெளி டிரைவ்கள். ஒன்று என் மேசை இழுப்பறையில், ஞாயிறு இரவு மட்டும் செருகி நகலெடுத்துக் கழற்றிவிடுவேன். எப்போதும் செருகியே வைத்திருந்தால் மின்சாரக் கோளாறோ, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரோ வரும் நாளில் அதுவும் சேர்ந்தே போகும். இன்னொன்று ஈசூனில் தங்கை வீட்டில், அவள் துணி அலமாரியில். மாதம் ஒருமுறை சாப்பிடப் போகும்போது மாற்றிக்கொள்வோம். நடப்பு வருடத் தாள்கள் ஒன்டிரைவிலும் இருக்கின்றன. ஆனால் ஒன்டிரைவை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், தனிநபர் கணக்கின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் தவணை. பள்ளி விடுமுறைதோறும் ஒரு பழைய ஃபைலை எடுத்துத் திறந்து பார்க்கிறேன், திறக்கிறதா என்று.

2019இன் அந்த 1 டெராபைட் டிஸ்க் வெகுநாள் இழுப்பறையில் கிடந்தது. மாணவர்களின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் உள்ளே இருந்ததால் அப்படியே மின்கழிவுத் தொட்டியில் போட மனம் வரவில்லை. போன வருடம் வீட்டுக்காரர் டிரில்லை எடுத்து அதில் நான்கு ஓட்டை போட்டார். அப்புறம்தான் கீழே கொண்டுபோய்ப் போட்டோம்.